மூன்று வரிகளுக்குள்

வலயப் பணிமனையிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
"இப்பாடசாலையின் வெற்றிக்கான காரணங்கள்.
மூன்று வரிகளுக்குள் எழுதுக."
கீழே மூன்று புள்ளிக்கோடுகள்.
அதிபர் லீவு. படிவம் என் மேசைக்கு.

முதலில் எழுதியதை வெட்டிவிட்டேன்:
அர்ப்பணிப்புள்ள ஆசிரியர் குழாம்.
எல்லாப் பள்ளிக்கூடமும் இதைத்தான் எழுதும்,
கூரை ஒழுகும் பள்ளிக்கூடமும்.
எங்களுடையதும் ஒழுகுகிறது.
ஒன்பது பி, வலது மூலை.
அங்கே ஒரு பெயின்ட் வாளி
மூன்று வருடமாக முழு வரவு.

தொலஸ்பாகை பஸ்ஸைப் பற்றி எழுதலாமா?
மணி ஏழரைக்கு.
பஸ் ஏழு ஐம்பதுக்கு, மண் சரியாத நாட்களில்.
பத்து வருடம் கேற்றடியில் நின்று
பிந்தி வந்தவர் பெயர் எழுதினேன்.
அழகான எழுத்து என்று பெயரும் எடுத்தேன்.
ஒருநாள் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினால்
எல்லாம் ஒரே பஸ்.
அடுத்த தவணை கணிதத்தை
இரண்டாம் பாடத்துக்குத் தள்ளினோம்.
செய்தது அவ்வளவுதான்.
முப்பது வருடம் முதல் பாடத்தில் நின்று பழகிய
துரைசிங்கம் மாஸ்டர்
மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

பௌதிகவியலுக்குத் தமிழில் ஆள் இல்லை.
கேட்டு எழுதிய கடிதங்களே ஒரு தடித்த கோவை.
சிங்களப் பிரிவு விஜேகோன் சேர்
தன் ஓய்வுப் பாடத்தில் வந்தார்.
அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
கரும்பலகையின் மறுபாதியில்
புடவைக்கடை ரிஸ்மியா தமிழில் எழுதுவாள்.
"கர்ஷணய" என்பார்.
"உராய்வு" என்று எழுதுவாள்.
இது நல்லதா கெட்டதா, ஒருநாள் கேட்டார்.
மேற்பிரிவு லயத்து யுகநாதன்,
மழையிலும் மூன்று கிலோமீற்றர் இறங்கி வருபவன்,
சப்பாத்தைக் கழற்றி அடியைக் காட்டினான்.
தேய்ந்து கண்ணாடியாய்ப் போன அடி.
"இதோட எங்க இறக்கத்துல வந்து பாருங்க சேர்."
ரிஸ்மியா மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள்
சேர் சிரித்துவிட்டார்.

இதை எந்தக் கோட்டில் அடக்குவது?

சண்டையே இல்லை என்றும் எழுத முடியாது.
கிரிக்கெட் அணிப் பட்டியல் ஒட்டிய அன்று
இரண்டு யன்னல் போனது.
பிறகு கடைவீதியில் ஷட்டர்கள் இறங்கிய அந்த வாரம்.
மகாவலிச் சத்தம் வகுப்பறை வரை கேட்டது,
அவ்வளவு வெறுமை.
வெள்ளியன்று மூன்று பேர் வந்தார்கள்,
மூன்று வாங்கில், மூன்று மூலையில்.
கன்டீன் சோமாவதி அக்கா
மூவருக்கும் பிளேன்டீயை ஒரே மேசையில் வைத்து
"கோப்பை கழுவணும், சுருக்கா வாங்க" என்றாள்.
வந்தார்கள். பேசவில்லை. குடித்தார்கள்.
அந்த வாரம் இடாப்பில்
நான் யாருக்கும் பூச்சியம் போடவில்லை.
கணக்காய்வில் கேட்டார்கள்.
மை தீர்ந்துவிட்டது என்றேன்.

மதிலில் பெனர் தொங்குகிறது.
பல்கலைக்கழகம் போகும் நான்கு முகங்கள்,
இரண்டாவது ரிஸ்மியா.
யுகநாதன் இல்லை.
மலையில் வழுக்கி அவன் அம்மாவுக்குக் கால் முறிந்த மாதம்
கொழும்பு ஹார்ட்வெயார் கடைக்குப் போனான்.
இரண்டு தடவை லயத்துக்குப் போய்ப் பேசினேன்.
மூன்றாவது தடவை போகவில்லை.
தவணைப் பரீட்சை வந்துவிட்டது என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நாலு மணிக்குள் படிவம் வேண்டுமாம், லிகிதர் வந்து நிற்கிறார்.
முதல் கோட்டில்: பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.
இரண்டில்: ஓய்வுப் பாடங்கள் ஓய்வாக இருக்கவில்லை.
மூன்றாவது கோட்டில்,
வேறு கடதாசி கைக்கு அகப்படாததால்,
அந்த ஹார்ட்வெயார் கடையின் தொலைபேசி எண்.
ரிஸ்மியாவிடம் இருந்தது.

புதுப் படிவம் ஒன்று கேட்க வேண்டும்.
ஒன்பது பி-யில் வாளி நிரம்பிவிட்டது போல,
யாரோ இரண்டு பேர் தூக்கிக்கொண்டு
தளும்பத் தளும்பப் போகிறார்கள்,
ஒருவரையொருவர் திட்டியபடி,
இரண்டு மொழியில்.