விழுந்து

போன ஜூனில், பனி இறங்கிய வாரம்,
கொக்ரேனுக்கு மேலே இதே பாறை மேட்டில்
கையுறையோடு மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தேன்.
முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஆட்டுக்கொட்டகையில்,
நொல்பெர்த்தோ.
அண்ணியின் பல்செட்டை நாய் தூக்கிப் போன கதையை
அப்போதுதான் அவர் அனுப்பி முடித்திருந்தார்.
"நான் விழுந்து" என்று பதில் தட்டினேன்.
"விழுந்து சிரித்தேன்" வருவதற்குள்
பேட்டரி படுத்துவிட்டது.

குளிர் அப்படித்தான் செய்யும்.
பன்னிரண்டில் பிடிவாதமாக நிற்கும்,
பதினொன்றரைக்குச் சறுக்கும்,
பிறகு ஒரே முழுக்கு.
மாற்றுப் பேட்டரி பையிலேயே இருந்தது.
உருவிச் செருக நாற்பது வினாடி.
அதற்குள் ரேடியோ இருந்த இடத்தை மறந்து
வேறெங்கோ ஓர் அலைவரிசையில் கண் விழித்தது.
தேடிப் பிடித்துத் திரும்பினால்
அந்தப் பக்கம் ஆள் இல்லை.

ஆள் குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை கதவு தட்டும் சத்தம்.
மீசையில் பனி, தோளில் கயிற்றுச் சுருள்.
மேட்டைச் சுற்றி எல்லாப் பள்ளத்திலும்
என் பெயரைக் கூவிவிட்டு வந்திருந்தார்.
மாவுக் கையோடு நின்றேன்.
ஆடு எண்ணுகிறவர் போல
என் கை கால்களைப் பார்த்து முடித்தார்.
மூன்று சுற்று மத்தே குடித்தார்.
"எங்கே விழுந்தாய், எர்சிலியா?"
சொன்னேன்.
சிரிக்கவில்லை.
குதிரைக்குக் கொஞ்சம் ஓட்ஸ் கேட்டார்.

அந்த வாரமே ஈயம் உருக்கினேன்.
இரண்டு டயோடு, இரண்டு வால், ஒரே வாய்.
இரு பேட்டரிகளும் ஒன்றாய்த் தொங்கலாம்.
எதற்கு வோல்ட் அதிகமோ அது கொடுக்கும்,
மற்றது வாய் மூடிக் கிடக்கும்,
ஒன்று மற்றொன்றுக்குள் பாயாது.
காவல் கூலி கால் வோல்ட்.
டயோடு அதைச் சூடாக்கித் தின்கிறது.
தின்னட்டும்.

இன்று ஞாயிறு. மேற்குக் காற்றில்
ஆன்டெனாக் கம்பு தூண்டில் போல வளைகிறது.
மீட்டர் பதினொன்று புள்ளி எட்டு.
வலது கை தட்டிக்கொண்டே இருக்கிறது:
பாலம் திறந்துவிட்டார்கள், மாவு விலை ஏறிவிட்டது.
இடக் கையுறையைப் பல்லால் உருவி
இரண்டாவது வாலில் புதியதைச் செருகினேன்.
டக்.
மீட்டர் பதின்மூன்றுக்கு எழுந்தது.
அதற்குப் பிறகுதான், அவசரமில்லாமல்,
பழையதைக் கழற்றினேன்.
நீண்ட ஒரு கோட்டின் நடுவில் நடந்தது இது.
கோடு உடையவில்லை.

நொல்பெர்த்தோவுக்கு ஒன்றும் தெரியாது.
மாவு விலை எவ்வளவு என்று கேட்டார்.
ஒன்றும் தெரியாதிருக்கத்தான்
இரண்டு இரவு விரல் சுட்டுக்கொண்டேன்.

முடிக்கும்போது, வாராவாரம் கேட்பதைக் கேட்டார்:
"பேட்டரி எப்படி?"

"எது?" என்றேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு
நான்கு புள்ளி, இரண்டு புள்ளி,
நான்கு புள்ளி, இரண்டு புள்ளி.
மோர்ஸ்காரர்கள் சிரிப்பது அப்படித்தான்.
பதினோரு மாதம் கழித்து.