காலாவதித் தேதி

அட்டையில் காலாவதித் தேதி கிடையாது.
பால் பாக்கெட்டுக்கு உண்டு, கடவுச்சீட்டுக்கு உண்டு,
என் தம்பி ஷுர்மன் தரும் வாக்குக்குக்கூட உண்டு.
இதற்கு இல்லை.

மேசைமேல் வைத்தாள். ஓரம் பழுத்த பிளாஸ்டிக்.
தொண்ணூற்றொன்றில் கொடுத்தது.
அந்த வருடம் எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது.
படத்தில் இருப்பவள் கேமராவுக்குச் சற்று இடப்புறம்
யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள்.

பெயர்? என்றேன்.
அதில் டைக்கெமா என்றிருக்கும். இப்போது நான் டைக்கெமா இல்லை.
சரி, எதை எழுத?
வாசலில் ஒரு கழுதை வந்து நின்றது,
எங்கள் இருவரையும் பார்த்தது, போனது.
அதுவரை யோசித்தாள்.
பௌக்யெ என்று மட்டும் எழுதுங்கள்.

இதயக் கோளாறு, இல்லை. ஆஸ்துமா, இல்லை.
காதில் அறுவை, இல்லை.
கடைசியாக முக்குளித்தது எப்போது?
மழை பெய்துகொண்டிருந்தது, என்றாள்.
இருபது வருடத்துக்கு மேல் என்று நானே நிரப்பினேன்.

நாளைக்கே படகில் போகலாமா?
எல்லோரும் கேட்பதுதான்.
பொனேரில் முதல் முங்கல் கரையிலிருந்துதான் அம்மா,
விதி. எனக்கும் அதுவே, உங்கள் அரசருக்கும் அதுவே.

தெற்குச் சாலை. உப்பளம் இளஞ்சிவப்பாய்க் கிடந்தது.
மஞ்சள் கல்லருகே வண்டியை நிறுத்தி
கண்ணாடிகளை இறக்கிவிட்டேன்.
திருடன் வந்தால் கண்ணாடியாவது மிஞ்சட்டும்.

நாலு கிலோ ஈயம் போதும் எனக்கு, என்றாள்,
எப்போதும் நாலுதான்.
கடல் ஒப்புக்கொள்ளவில்லை.
தக்கை போல மிதந்துகொண்டு
வானத்தைத் திட்டினாள் டச்சில்.
இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று.
ஏழாவது கிலோவில் தண்ணீர் அவள் தலைக்கு மேல் மூடியது.

முகமூடியில் நீர் விட்டு
மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும்.
ஊதுவதற்குப் பதில் இழுத்தாள்.
மேலே பாய்ந்தாள், இருமினாள், கண் சிவந்தது.
இரண்டாம் தடவையும் அதேதான்.
போகோ போகோ, என்றேன், எங்கள் ஊரில்
அவசரத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் ஒரே மருந்து.
மூன்றாவதில் நீர் இறங்கியது,
இரண்டு கண்கள் எனக்குத் தெரிந்தன, ஆச்சரியத்தோடு.

பிறகு எட்டு மீட்டரில், மணலில் மண்டியிட்டு
கழுத்தில் கையை வெட்டிக் காட்டினேன்:
எனக்குக் காற்று இல்லை.
அவள் விலாவில் மஞ்சள் குழாய் தொங்குகிறது,
உபரி ரெகுலேட்டர், அதை நீட்ட வேண்டும்,
இன்றைய பாடம் அவ்வளவுதான்.

அவள் தன் வாயிலிருந்தே எடுத்து நீட்டினாள்.

இரண்டு விரல் காட்டினாள்.
இரண்டு மூச்சு, பிறகு திருப்பிக் கொடு.
வெறும் உதடுகளிலிருந்து
நூல் போலச் சின்னக் குமிழிகள் விட்டபடி காத்திருந்தாள்,
மூச்சை அடக்கக் கூடாதென்று அந்த உதடுகளுக்குத் தெரிந்திருந்தது.
நான் இப்படி ஒருபோதும் பழகியதில்லை.
எடுத்தேன். இரண்டு. கொடுத்தேன்.
அவள் இரண்டு. மறுபடி நான்.
ஒரு கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம்
கறுக்கு கறுக்கென்று.
நிறுத்தும் சைகையை நான் சற்றுத் தாமதமாகத்தான் காட்டினேன்.

வண்டியில் துவாலைக்குள்ளிருந்து சொன்னாள்:
எங்கள் காலத்தில் இருவருக்கு ஒரே வாய்க்குழாய்.
சண்டை போட்டுக்கொண்டு இறங்கியிருந்தாலும்
கொடுத்தே ஆக வேண்டும்.

கடையில் படிவத்தை எடுத்தேன்.
காற்றுப் பகிர்தல்: தேர்ச்சி, மீண்டும் பயிற்சி தேவை.
புத்தகப்படி பார்த்தால் இரண்டாவது கட்டம்.
என் கையிலிருந்து சொட்டிய நீரில்
இரண்டு கட்டங்களும் ஊறிக்கொண்டிருந்தன.

புது அட்டை வேண்டுமா என்று கேட்டேன்,
இப்போதெல்லாம் கைப்பேசியிலேயே வரும்.
எவ்வளவு?
சொன்னேன்.
அடேயப்பா, என்கிற மாதிரி ஏதோ சொன்னாள்,
பழையதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

படகு ஏழரைக்கு, என்றேன்.
காலையில் அந்த மஞ்சள் குழாயை
இன்னொரு முறை பார்த்துவிடுவோம்.