சாம்பல் எடுக்கப் போனவன்

ரிப்னிக். ஜனவரி. நான்கு மணிக்கே இருட்டு.
எங்கள் ட்ரோன்
தெருவின் ஒவ்வொரு புகைபோக்கியாக மோந்து வந்து
பதினேழாம் எண் வீட்டின் மேல் நின்றுவிட்டது.
மஞ்சள் புகை. பசை வாடை.

கதவைத் திறந்த வியோலெட்டாவுக்கு
ஒரு காலில் மட்டும் பூட்ஸ், இரவுப் பணிக்கு.
"குப்பை எரிப்பதில்லை" என்றாள் நான் கேட்குமுன்.
உள்ளறையில் நெபுலைசர் உறுமிக்கொண்டிருந்தது.

அடுப்பின் வாயைத் திறந்து கிளறினேன்.
பெயின்ட் செதில், பிளைவுட் கரி,
பிறகு கரண்டியில் கிணுங்கின திருகாணிகள்.
அறுகோணக் குழி வைத்த தலை.
எண்ண வேண்டியதில்லை, எட்டு.
என் மகன் பிறக்க ஒரு வாரம் இருக்கையில்
தரையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்து
இதே எட்டை நானும் முடுக்கியிருக்கிறேன்.
ஒன்று மட்டும் கடைசிவரை சரியாக உட்காரவில்லை.

"அவள் இப்போது பெரிய கட்டிலில் தூங்குகிறாள்.
புது ஹீட்டருக்கு மனுப் போட்டது போன மார்ச்சில்.
பதில் வரும்வரை எதைப் போட?"

என் படிவத்தில் எரித்த பொருளுக்குக் கட்டம் உண்டு,
அபராதத்துக்கும் உண்டு.
மார்ச்சுக்கு இல்லை.
ஐந்நூறு ஸ்வோட்டி.
பேனா இரண்டு முறை உதறிய பிறகே எழுதியது.
அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு
மற்ற பூட்ஸைத் தேடப் போனாள்.

சாம்பல் உறையோடு வெளியே வந்து நிமிர்ந்தேன்.
இலை அசையவில்லை.
அவள் வீட்டுப் புகை எதிர்க்கூரைவரை போய்
அங்கே புறப்பட்டதோடு சேர்ந்து
பள்ளிக்கூடத்தின் பக்கமாய்த் தாழ இறங்கியது.
என் வீடும் அந்தப் பக்கம்தான்.