பன்மையில் மட்டும் வரும்

மெல்பனிலிருந்து வயிரவனின் மின்னஞ்சல்,
இரண்டே வரி.
பாகப் பட்டியல் வந்து சேர்ந்தது, நன்றி.
இந்த மினூஷியே எல்லாம் எனக்கு வேண்டாம்.

வக்கீல் கதிரேசன் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.
"மினிட்ஸ் கேட்கிறான்போல, ஜெசிந்தா,
போன மாசம் பங்காளிகள் கூடினார்களே, அந்த மினிட்ஸ்."
வேண்டாம் என்கிறாரே சார்.
"அப்போ டயம் இல்லையாம்" என்று
மோர் குடிக்கப் போய்விட்டார்.

அகராதி நான்தான் பார்த்தேன்.
எழுத்தை நம்பி மினுட்டியே என்று வாசித்திருந்தேன்.
போனுக்குள் இருக்கும் பெண் மினூஷியே என்றாள்,
அதே போனில் ஓர் ஆண் மைனூஷியே என்றான்.
அவர்களுக்குள்ளும் இன்னும் பாகம் பிரியவில்லை.

பொருள்: பொருட்படுத்த வேண்டாத சிறு விவரங்கள்.
இலக்கணம்: பன்மையில் மட்டும் வரும்.
ஒருமை உண்டாம், யாரும் புழங்குவதில்லையாம்.
உதாரணம்: ஒப்பந்தத்தின் மினூஷியேவில் அவர் மூழ்கிப்போனார்.

மூழ்கியது எப்படி என்று என்னைக் கேட்டிருக்கலாம்.
நாற்பத்தோரு நாள்
தேவகோட்டை வீட்டின் இரண்டாம் கட்டில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எழுதினேன்.
பித்தளைக் கரண்டி அறுபத்து மூன்று, ஒன்றுக்குக் காம்பு இல்லை.
எனாமல் தூக்கு, பச்சை; மூடி மட்டும் நீலம்.
மரவை ஏழு. அடித்துவிட்டு, ஆறு.
பூட்டில்லாத சாவி ஒரு கொத்து.
சாவியில்லாத பூட்டை எழுதவில்லை,
அது கதவோடு சேர்ந்தது என்றார் அமீனா.
பங்கு பதினொன்று.
அறுபத்து மூன்றைப் பதினொன்றால் வகுத்தால்
எட்டு கரண்டி மிஞ்சுகிறது.
அந்த எட்டுக்காக இரண்டு பங்காளிகள்
ஏப்ரல் முழுக்க முகம் பார்க்கவில்லை.

இன்னோர் உதாரணமும் இருந்தது:
அன்றாட வாழ்வின் மினூஷியே.
யாருடைய வாழ்வு என்று போடவில்லை.
அன்றிரவு தோசைக்கு ஊறப்போடும்போது நினைத்தேன்,
அரிசி நாலு, உளுந்து ஒன்று என்று எல்லாரும் சொல்வார்கள்,
அந்த ஒரு சிட்டிகை வெந்தயத்தை
எந்தப் பட்டியலில் எழுதுவது.

தமிழில் என்ன வைக்கலாம்?
நுணுக்கம் என்றால் பாராட்டாகிவிடுகிறது.
அற்பம் என்றால் வசவு.
சில்லறை என்று போட்டுப் பார்த்தேன்.
ஒழுங்காக உட்காரத்தான் செய்தது,
ஆனால் குலுக்கினால் சத்தம் கேட்கிறது.

புதிதாய்க் கற்ற சொல்லை
மூன்று முறை செலவழித்தால் அது நம்முடையது,
இது என் கணக்கு.

முதல் செலவு வயிரவனுக்கே.
தாங்கள் குறிப்பிட்ட மினூஷியே
இருநூற்றுப் பதினான்கு பக்கம் வருகிறது.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
தங்கள் கையெழுத்து வேண்டும்.

இரண்டாவது, வக்கீலிடம்.
பிப்ரவரியில் பிடித்த அரைநாள் சம்பளம்.
"ரொம்பச் சின்ன விஷயம்மா, இதையெல்லாமா…"
ஆமாம் சார், மினூஷியே என்றேன்.
மேசையைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார்,
பிறகு பையைத் திறந்தார்.
முந்நூற்று ஐம்பது.

மூன்றாவதுக்கு இடம் அமையவில்லை.
ஆறரை மணி தனியார் பஸ்.
இருபதில் பதினேழு போக
டிக்கெட்டின் முதுகில் 3 என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டுப்
பின்பக்கம் போன கண்டக்டர்
அமராவதிபுதூர் தாண்டியும் திரும்பவில்லை.
மூன்று ரூபாய்க்கு அந்தச் சொல் தாங்குமா,
மூன்று என்பது பன்மைதானே,
ஜன்னல் கம்பியில் விரல் தட்டி யோசித்துக்கொண்டு வந்தேன்.

காரைக்குடியில் எல்லாரும் இறங்கியபின்
படியில் நின்று டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன்.
"சில்லறை இல்லக்கா."

தோள்பையைக் கொஞ்சம்
அசைத்துப் பாருங்க தம்பி, என்றேன்.