எண்பத்தேழில் ஒன்று

பகலில் நான் பல் செய்கிறவன்.
போர்த்தோ நகரத்தின் பாதிக் கடைவாய்ப் பற்கள்
என் மேசையில்தான் முளைத்தன.
இரவானால் அதே துளைக்கருவி, அதே இடுக்கி,
அதே பூதக்கண்ணாடி.
டிராம் செய்கிறேன்.

பத்து சென்டிமீட்டர் நீளம்.
கூரைமேல் மின்கம்பி தொடும் கோலுக்கு
அறுந்துபோன கிதார்த் தந்தி.
தறையாணித் தலை ஒவ்வொன்றும் கசகசாவில் பாதி.
பக்கத்துக்கு இருநூற்றுப் பதினான்கு.
சந்தேகம் என்றால் எண்ணிக்கொள்ளலாம்,
எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜுல்மீரா வந்தது மழையில்,
பல்லுக்காக அல்ல.
குடையை மடக்காமலே சொன்னாள்:
ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி ஒன்று வேண்டும்,
ஆற்றோரமாகவே போய்
கடலைப் பார்த்ததும் திரும்புமே, அந்தத் தடம்.
அதற்குள் என் அம்மா இருக்க வேண்டும்.

ஆள் செய்வது எனக்குப் பிடிக்காது.
இரும்பு சொன்ன இடத்தில் நிற்கும்,
முகம் நிற்காது.
அம்மா என்ன வேலை என்றேன்.
மத்தி விற்றாள் என்றாள்.

கூடைக்காரிகள் உள்ளே உட்காரக் கூடாதாம்.
ஈரம் சொட்டும், சீட் நாறும்.
கண்டக்டர் பின்மேடையைக் காட்டி
"அங்கே" என்பாராம்,
ஒற்றை விரலால், முகம் பார்க்காமல்.
எல்லாம் அவளே சொன்னதுதான்.

"சரி, பின்மேடையில் நிறுத்துகிறேன்."
"உள்ளே. ஜன்னலோரம். உட்கார்ந்து."
"அது தப்பு."
"யாருடைய தப்பு?"

குடையில் சொட்டிய தண்ணீர்
என் தரையில் சின்னதாய் ஒரு டோரோ ஆறாகி
அலமாரிக்கு அடியில் போய் மறைந்தது.

பதினொரு வாரம் பிடித்தது.
பல் மெழுகில் அவளை வடித்தேன்.
நின்றால் பதினெட்டு மில்லிமீட்டர்,
உட்கார்ந்ததில் பதின்மூன்று.
எதையும் எண்பத்தேழால் வகுத்துவிடலாம்,
சக்கரத்தை, கால்மணியை,
படியில் செருப்புகள் தேய்த்த பள்ளத்தை.
மீன்வாடையை வகுக்கத்தான் வழி தெரியவில்லை.
கண்டக்டரின் விரலையும்.
செய்து பார்த்தேன்.
இரண்டு முறை உடைந்தது.
மூன்றாம் முறை
கையையே அவர் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

நவம்பரில் அவெய்ரோவில் போட்டி.
நடுவர் செசினாந்து, ஓய்வுபெற்ற பொறியாளர்,
கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு
இருபது நிமிஷம் குனிந்தே இருந்தார்.
நடுவே ஒருமுறை இருமினார்,
அதற்கு வண்டியிடம் மன்னிப்புக் கேட்டார்.
பிறகு எழுதினார்:
மஞ்சள் ஒரு படி கூடுதல்.
இடப்பக்கம் தறையாணி இருநூற்றுப் பதின்மூன்று.

உண்மைதான். ஒன்று விழுந்திருந்தது.
ஆனால் ஜன்னலோரம் ஒருத்தி
அத்தனை விதிகளையும் மீறி
முக்காட்டுத் துணியோடு உட்கார்ந்திருக்கிறாளே,
அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.
நானே போய்க் காட்டிக்கொடுக்கலாமா என்று
ஒரு கணம் நாக்கு துறுதுறுத்தது.
மூன்றாம் பரிசு. தகரக் கோப்பை.

மாலையில் ஜுல்மீரா வந்தாள்.
கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு
ஒரு கண்ணை மூடி
ஜன்னலுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.
அவள் மூச்சு கண்ணாடியில் படிந்தது.
வண்டி முழுக்கக் கடற்கரை மூடுபனி,
கலைய நேரமாயிற்று.

"கூடை ஏன் மடியில் இருக்கிறது?"
"வேறெங்கே வைப்பாள்?"
"பக்கத்து சீட்டில்."

பக்கத்து சீட்டில் ஏற்கெனவே ஒரு கனவான்.
தொப்பி, மூக்குக்கண்ணாடி,
தலைப்புவரை படிக்க முடிகிற செய்தித்தாள்.
அந்த ஆள் மட்டும் என் நான்கு ராத்திரி.
அதைச் சொன்னேன்.
ஜுல்மீரா கையுறையை மாட்டிக்கொண்டே
கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூரையைக் கழற்றினேன்.
இடுக்கியை எடுத்தேன்.
பசை விடும்போது "டிக்" என்று ஒரு சத்தம்,
சின்னப் பல் பிடுங்குகிற மாதிரி.

பின்மேடையில் நிறுத்தியிருக்கிறேன்.
செய்தித்தாளைப் பிடித்தபடியே நிற்கிறார்.
அங்கே காற்று நன்றாக வரும்.