பெயரில்லாத வயர்

டிம்மின்ஸில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஐஸ் ஹாக்கி அரங்கின் பின்பக்கம்
துடைப்பமும் உப்பு மூட்டையும் போட்டுவைக்கும் அறை.
அங்கே ஓர் இரும்பு அலமாரி.
திறந்தால்,
பிழிந்துவிட்டு அவிக்க மறந்த இடியப்பமாய் வயர்கள்.

"திங்கள் காலைக்குள் எல்லாம் புதிதாக வேண்டும்"
என்றது மின்னஞ்சல்.
அன்று சனி.

ஏணியைப் பிடித்துக்கொண்டான் ரெஜான்.
அவன் வீட்டில் பிரெஞ்சு, என் வீட்டில் தமிழ்.
இருவருக்கும் தாய்மொழி மாதிரி
பச்சை விளக்கு.

மோடம் சுகமாய் இருந்தது.
பனி உறைந்த கம்பத்தின் வழியே வரும் அலைச்சலை
உள்ளே இருப்பவர்க்குப் புரியும்படி சொல்லும்,
தன் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்காது.
அதை அடுத்து ரவுட்டர், வாசல் காவல்:
உள்ளுக்கா, வெளிக்கா, வெளியென்றால் எந்தப் பக்கம்?
விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை கேட்டாலும்
முகம் சுளிக்காத பிறவி.
நான் அன்று மூன்றாம் முறையே சுளித்துவிட்டேன்.

ஸ்விட்சிடம் எனக்கொரு பிரியம் உண்டு.
யார் எந்தத் துளையில் என்று
அவரவர் வாய் திறந்தபோதே குறித்துக்கொள்ளும்.
ஐந்து நிமிடம் பேசாமலிருந்தால்
மறந்தும் போகும்.
மறுபடி பேசினால்
மறுபடி தெரிந்துகொள்ளும்,
இத்தனை நேரம் எங்கே போனாய் என்று
கேட்காது.

பேட்ச் பேனலுக்கு மின்சாரமே வேண்டாம்.
சுவருக்குள்ளிருந்து வரும் வயர்கள் வந்து சேரும் இடம்,
அவ்வளவுதான்.
அதில் யாரோ சாய்ந்த கையெழுத்தில்:
டிக்கெட், மைக், ஸ்கோர் பலகை, உணவுக் கடை.
பதினான்கில் மட்டும் "ஷான்தால்".
அப்படி ஒருவர் இங்கே
எப்போதும் வேலை பார்த்ததில்லையாம்.

ஒரே ஒரு சாம்பல் வயர்
பேனலுக்கும் கட்டுப்படாமல் கூரைக்குள் ஏறியது.
பெயரில்லை. ஓடு தள்ளிப் பார்த்தேன்:
தூசி போர்த்திய ஹப்.
இன்னமும் உயிரோடு!

ஹப்புக்கு முகம் தெரியாது.
பத்துப் பேர் இருக்கும் வீட்டில்
"டேய்!" என்று கூப்பிடுகிற ஆள் அது.
பத்துத் தலையும் திரும்பும்,
ஒன்பது முணுமுணுத்துக் குனியும்.

"யாருக்கும் இல்லை போல" என்றான் ரெஜான்.
பிடுங்கினேன்.

ஒன்றும் ஆகவில்லை.
காப்பி ஊற்றினோம்.
அது ஆறுமுன்,
பதினோராம் நிமிடம்,
ரப்பர் பூட்ஸ் தடதடக்க ஓடி வந்தார் ஆர்வோ,
ஐஸை மழமழவென்று இழைக்கும் வண்டியின் ஓட்டுநர்.
கையில் போன், முகத்தில் ரத்தம்.
"என் ஐஸின் நாடியைப் பிடுங்கினது யார்?"

ஐஸுக்கு அடியில் உப்புநீர்க் குழாய்.
குழாயில் ஒரு வெப்பமானி.
இருபது வருடமாக அது சொல்லும் ஒரே எண்
இந்தச் சாம்பல் வயரில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது.
நாளை காலை ஏழு மணிக்கு
எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டம்.

வயரைச் சொருகினேன்.
கூரைக்குள் "டேய்!"
இப்போது திரும்ப ஒரே தலை.
மைனஸ் ஒன்பது, என்றது.
ஆர்வோ மூச்சு விட்டார்.
என் காப்பியை எடுத்துக் குடித்தார்,
நான் தடுக்கவில்லை.

இரவு பன்னிரண்டுக்கு ஹப்பைக் கழற்றினோம்,
அவர் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க.
சாம்பல் வயரைப் புது ஸ்விட்சுக்கு இறக்கி
லேபிள் ஒட்டினேன்: ஐஸ்.
கீழே மார்க்கரில், தொடாதே.

மிச்ச வயர்களை மாற்றும்போது ரெஜான் கேட்டான்,
"பதினான்கை வெட்டிவிடலாமா?"

அதன் விளக்கு
விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.
எங்கோ யாரோ
பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

புது ஸ்விட்சிலும்
பதினான்கு ஷான்தாலுக்குத்தான்.