புல எண்

திங்கள் முதல் மணி, மின்னூட்டம்.
பாளையங்கோட்டையில் ஒன்பதுக்கே
கரும்பலகை பளபளத்துப் பாதி எழுத்து தெரியாது.
பெர்சிஸ் மிஸ் ஒரு புள்ளி வைத்தார்,
பக்கத்தில் கூட்டல் குறி,
சுற்றிலும் அம்புகள்.
ஃபீல்டு, என்றார்.
பன்னிரண்டாவதில் நான் புலம் என்று படித்தது.

புலம் என்றால் எனக்கு முதலில்
பட்டாவில் வருகிற புல எண்தான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு, பை இரண்டு பி.
பணகுடிக்குத் தெற்கே
ஆடு மட்டும் நம்பியிருக்கும் பொட்டல்.
காற்றாலைக்காரர்களுக்கு அப்பா
குத்தகை எழுதிக் கொடுத்த தாளில்
அந்த எண் நாலு இடத்தில் இருந்தது.

ஒரு சோதனை மின்னூட்டத்தை அங்கே வை,
அது உணரும் விசையைச் சொல்,
அதுதான் புலம்
என்கிறது புத்தகம்.
வைத்துப் பார்த்திருக்கிறேன்.
என்னைத்தான்.
ஆடி மாசம், தூணடியில்,
தாவணி முகத்தில் அறைய,
காலை அகட்டி ஊன்றிக்கொண்டு.

காஸ் விதி பிடிபட்டது வகுப்பில் அல்ல,
விடுதி கேட்டில்.
ஒரு மூடிய பரப்பு.
எப்படி நெளிந்திருந்தாலும் சரி.
வெளியே போவதையும் உள்ளே வருவதையும்
எல்லையில் நின்று எண்ணினால் போதும்,
உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடலாம்.
வாட்ச்மேன் முப்பிடாதி அண்ணன்
நீள நோட்டில் தினமும் செய்வது அதைத்தான்.
எந்த அறையையும் எட்டிப் பார்த்ததில்லை.
இரவு எட்டுக்குப் பேனாவை மூடிக்கொண்டு சொல்வார்,
"ஒரு பிள்ள குறையுது."
சரியாக இருக்கும்.

மின்னோட்டத்துக்கு நாம் போடும் அம்புக்கு
எதிர்ப்பக்கம் ஓடுகிறதாம் எலக்ட்ரான்.
தெரியாத காலத்தில் போட்ட அம்பு.
தெரிந்தபிறகும் யாரும் திருப்பவில்லை.
"மாத்திட வேண்டியதுதான மிஸ்?"
கேட்டவள் ஜெனோவா, உவரிக்காரி,
எழுந்து நிற்காமலே கேட்பாள்.
"கணக்கு எல்லாம் சரியா வருதுல்ல" என்றார் மிஸ்.
"எங்க ஊர்லயும் இதத்தான் சொல்லுவாவ"
என்றாள், என் காதுக்கு மட்டும்.

வியாழன் பிற்பகல் செய்முறை.
டேன்ஜென்ட் கால்வனாமீட்டர்.
சுருளைத் துருவத்தளத்தில் நிறுத்தி
மின்னோட்டம் விட்டு ஊசியைப் படிக்கணும்,
திசையை மாற்றி மறுபடி படிக்கணும்.
இரண்டும் ஒன்றாக வரணும்.
எங்களுக்கு ஒருதரம் நாற்பத்தொன்பது,
மறுதரம் நாற்பது.

வளையலைக் கழற்றினோம். ஊக்கை எடுத்தோம்.
ஜெனோவா தலையிலிருந்து
ஆறு ஹேர்பின் வந்தது, எண்ணினேன்.
இரும்பு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு
நின்றபடி குனிந்து படித்தோம்.
நாற்பத்தொன்பது. நாற்பது.
பக்கத்து மேசையில் சராசரி எடுக்கச் சொன்னார்கள்.
எடுத்தால் ஒன்றும் தெரியாதுதான்.

"ஏட்டி, திட்டாத" என்று
ரெக்கார்டு நோட்டுப் பைக்குள் கைவிட்டாள்.
ஹார்லிக்ஸ் பாட்டில்.
உள்ளே உடைந்த ஸ்பீக்கரின் காந்தம்,
அதன்மேல் உவரிக் கரையின் கறுப்பு மணல்
முள்ளம்பன்றியாய்ச் சிலிர்த்து நின்றது.
"ஒனக்குக் காட்டத்தான் கொண்டாந்தேன்."

மிஸ் பலகையில் அம்புகளாய் வரைந்தது
பாட்டிலுக்குள் மயிராய் முளைத்திருந்தது.
மேசையை விட்டுத் தூரமாய்,
ஜன்னல் கம்பி ஓரம் கொண்டுபோய் வைத்தோம்.
நாற்பத்தைந்து. நாற்பத்து நாலரை.
மணி அடித்தும் நான்
ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போனால் கரண்டு இல்லை.
வாசலில் நின்றால் எங்கள் புலத்தில்
அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது,
தூணில் ஒரு ஆடு முதுகைத் தேய்க்கிறது.
அப்பா பனைவிசிறியை மடியில் போட்டுக்கொண்டு,
"காத்து எப்படிட்டி கரண்டா மாறுது?
நீதான் படிக்கியே" என்றார்.

ஏழாவது அத்தியாயம், மின்காந்தத் தூண்டல்.
மிஸ் இன்னும் மூன்றில் இருக்கிறார்.
அடுத்த மாசம் சொல்லுதேன்ப்பா, என்றேன்.
சரி என்று விசிறியை எடுத்தார்.